வாராக்கடன் ஆன மெமரி கார்டு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் படிப்பது பி.காம். எனக்கும் கம்ப்யூட்டருக்கும் உள்ள சம்பந்தம் டேலி வரைக்கும்தான். அதைத் தாண்டினால் எக்ஸெல்லில் கூட்டல் போடத் தெரியும். அப்படிப்பட்ட ஒருத்தன், லினக்ஸ் கெர்னலுக்குள் மெமரி கார்டு டிரைவர் என்ன செய்கிறது என்று எழுத வந்திருக்கிறான் என்றால், எங்கேயோ நல்ல அடி வாங்கியிருக்கிறான் என்று அர்த்தம். வாங்கினேன். அந்தக் கதை முதலில். டெக்னிக்கல் மேட்டர் அப்புறம்தான் வரும், ஓடிவிடாதீர்கள் :-)

எனக்குக் காலேஜ் மதியமே முடிந்துவிடும். சாயங்காலம் செக்காலை ரோட்டுப் பக்கம் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் கணக்கு எழுதப் போவேன். கணக்கு எழுதப் போகிறவன் கணக்கு மட்டும் எழுதிவிட்டு வரமுடியுமா? லைட் பிடிப்பேன், ஆல்பம் டெலிவரி கொடுப்பேன், படங்களைப் பிரித்து வைப்பேன். சீசன் நேரத்தில் ஸ்டுடியோ சிஸ்டத்தில் ஆல்பம் டிசைன் ஓடிக்கொண்டே இருக்கும், அதனால் என் லேப்டாப்பும் வேலைக்கு வந்துவிடும். என் லேப்டாப் என்று சொல்வதே தப்பு. 2011-ல் ஆரம்பித்த அரசாங்க இலவச லேப்டாப் திட்டத்தில் அக்காவுக்குப் ப்ளஸ் டூவில் கிடைத்தது. அக்கா கல்யாணமாகிப் போனபிறகு எனக்கு வந்தது. ரொம்ப ஸ்லோ ஆகிவிட்டது என்று எங்கள் தெருவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்த அண்ணன் ஒருத்தர் அதில் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தார். நன்றாகத்தான் ஓடியது.

போன வருஷம் தை மாசம் கோட்டையூரில் ஒரு கல்யாணம். மண்டபமெல்லாம் கிடையாது, வீட்டிலேயேதான். செட்டிநாட்டு வீட்டு வளவில் காலை வெயில் இறங்கும்போது எடுத்த படங்களுக்குத் தனியாக லைட்டிங் தேவையே இல்லை. கழுத்திரு, திருப்பூட்டுதல் என்று எல்லாம் முடிந்து, பெண்ணோட ஆயா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து பேத்திக்குத் திருநீறு பூசினார்கள். அண்ணன் (ஸ்டுடியோ முதலாளியை அப்படித்தான் கூப்பிடுவேன்) அதை ஒரே கிளிக்கில் எடுத்தார். கேமராவைக் காட்டி, "இதாண்டா கவர் போட்டோ" என்றார்.

ஆல்பத்துக்குத் தேர்ந்தெடுத்த படங்கள் 412. படம் ஒன்று சுமார் 4 எம்பி. அவற்றை ஒரு 64 ஜிபி கார்டில் போட்டு மதுரையில் ஆல்பம் பிரிண்ட் போடும் இடத்துக்கு பஸ்ஸில் கொடுத்துவிட வேண்டும். என் லேப்டாப்பில் இடம் இல்லை என்பதால் காப்பி செய்யவில்லை. கட் பண்ணி பேஸ்ட் பண்ணினேன். பச்சைக் கோடு ஓடி முடிந்தது. விண்டோ மறைந்தது. வெளியே பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அண்ணன் கத்துகிறார். கார்டை உருவினேன், கவரில் போட்டேன், ஓடினேன். கேமராவில் இருந்த கார்டுகளை அன்றைக்கு ராத்திரியே மறுநாள் முகூர்த்தத்துக்காக ஃபார்மட் செய்துவிட்டோம்.

மறுநாள் மதுரையிலிருந்து போன். "தம்பி, 290 படம்தான் தெறக்குது. அதுக்கு மேல பேரு இருக்கு, படம் இல்ல. கடைசில பேரே இல்ல."

122 படங்கள். வயிற்றுக்குள் என்னவோ செய்தது என்று எழுதுவார்களே, அது நிஜமாகவே செய்யும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

தெரு அண்ணனிடம் ஓடினேன். அவர் லேப்டாப்பைத் திறந்து, கெர்னல் தன்பாட்டுக்குக் குறிப்பு எழுதிக்கொண்டே வரும் லாக்கைக் காட்டினார். (கெர்னல் என்றால் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் அடிமடி. புரோகிராம்கள் கேட்பதை வாங்கி, மெமரி, டிஸ்க், கார்டு எல்லாவற்றிலும் வேலை வாங்குவது அதுதான்.) அதில் முந்தைய நாள் சாயங்காலம் ஒரு வரி: கார்டு ரிமூவ்டு. அதற்குக் கீழே வரிசையாக ஒரே மாதிரி வரிகள்: பஃபர் ஐ/ஓ எரர், லாஸ்ட் அஸிங்க் பேஜ் ரைட். "பார்த்தியா, எழுத வச்சிருந்தது எல்லாம் தொலஞ்சு போச்சுன்னு எழுதிருக்கு" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. தொலைந்து போனதை இவ்வளவு ஒழுங்காக எழுதத் தெரிந்ததுக்கு, தொலையாமல் பார்த்துக்கொள்ளத் தெரியாதா?

இந்தக் கேள்விதான் என்னைப் படிக்க வைத்தது. கெர்னலின் சோர்ஸ் கோடு எல்லோரும் பார்க்கும்படி திறந்தே கிடக்கிறது. சி மொழி எனக்குத் தெரியாது. ஆனால் நடுநடுவே மனுஷர்கள் படிக்க எழுதிய விளக்கங்கள் இருக்கின்றன. அவற்றைப் பிடித்துக்கொண்டு, புரியாததை அண்ணனிடம் கேட்டுக் கேட்டு ஓரளவுக்குத் தேறினேன்.

முதலில், பச்சைக் கோடு ஏன் பொய் சொன்னது? அது பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. நாம் ஃபைலை எழுதச் சொன்னதும் கெர்னல் அதை நேராகக் கார்டில் எழுதுவதில்லை. முதலில் ராமில் வாங்கி வைத்துக்கொண்டு "எழுதியாச்சு" என்று சொல்லிவிடும். பிறகு சாவகாசமாகக் கார்டில் எழுதும். சாதாரண செட்டிங்கில் 5 செகண்டுக்கு ஒருமுறை எழுந்து பார்க்கும். 30 செகண்டுக்கு மேல் பழசான பாக்கியை எழுதும். பாக்கி ராமில் கிடைக்கக்கூடிய இடத்தில் பத்து சதவீதத்தைத் தாண்டினால் பின்னணியில் எழுத ஆரம்பிக்கும். இருபது சதவீதத்தைத் தொட்டால்தான் காப்பி செய்கிற புரோகிராமையே "கொஞ்சம் நில்லு" என்று நிறுத்தும். என் லேப்டாப்பில் 4 ஜிபி ராம். கூட்டிக் கழித்துப் பார்த்தால் 500, 600 எம்பி வரை பாக்கி வைக்கலாம் என்று வருகிறது. 122 படம், படத்துக்கு 4 எம்பி. கணக்கு டேலி ஆகிவிட்டது. நான் கார்டை உருவியபோது அவை எல்லாம் ராமில்தான் நின்றுகொண்டிருந்தன, இடம் கிடைக்காத பஸ் பயணிகள் மாதிரி.

கடை வைத்திருப்பவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். பகலெல்லாம் வியாபாரத்தைச் சிட்டையில் கிறுக்கி வைப்பார்கள். ராத்திரி உட்கார்ந்து பேரேட்டில் ஏற்றுவார்கள். எங்கள் பாடப் புத்தகம் இதற்கு எடுத்தெழுதுதல் என்று கம்பீரமாகப் பெயர் வைத்திருக்கிறது. ராம் சிட்டை, கார்டு பேரேடு. ராத்திரி எடுத்தெழுதுவதற்கு முன்னால் ஒருத்தன் வந்து பேரேட்டைத் தூக்கிக்கொண்டு மதுரை பஸ்ஸில் ஏறிவிட்டால்? அந்த ஒருத்தன் நான்.

இப்போது டிரைவருக்கு வருவோம். கார்டு வெளியே போனது கெர்னலுக்கு எப்படித் தெரிகிறது? பெரும்பாலான ஸ்லாட்டுகளில் ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கிறது. கார்டு உள்ளே போனால் அழுத்தும், வெளியே வந்தால் விடும். அது மாறினதும் டிரைவருக்குத் தகவல் போகும். ஆனால் டிரைவர் உடனே நம்பாது. ஸ்விட்ச் என்பது உலோகம், அழுத்தி விடும்போது கொஞ்சம் துள்ளும். இருக்கு, இல்லை, இருக்கு, இல்லை என்று ஒரு நொடிக்குள் பலமுறை சொல்லும். அதனால் பல டிரைவர்கள் 200 மில்லி செகண்ட் பொறுத்திருந்து, துள்ளல் அடங்கினபிறகுதான் விசாரணைக்கு வருகின்றன. ஸ்விட்ச் இல்லாத ஸ்லாட்டும் உண்டு. அங்கே ஒவ்வொரு செகண்டும் "இருக்கியா?" என்று கார்டையே கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

விசாரணை என்றால், கார்டுக்கு ஒரு கட்டளை அனுப்பி உன் நிலைமை என்ன என்று கேட்பது. 13-ஆம் நம்பர் கட்டளை அது. பதில் வந்தால் கார்டு உயிரோடு இருக்கிறது. வரவில்லை என்றால் "போய்விட்டது" என்று முத்திரை குத்திவிடும்.

இதில் நான் ரொம்ப ரசித்த ஒரு இடம் உண்டு. கார்டை வெடுக்கென்று உருவினால் ஒரு சிக்கல் என்றால், மெதுவாக எடுத்தால் வேறொரு சிக்கல்! மெதுவாக இழுக்கும்போது ஸ்விட்ச் முதலில் விட்டுவிடும். ஆனால் கார்டின் தங்க நிறப் பட்டைகள் இன்னும் ஸ்லாட்டின் ஊசிகளைத் தொட்டுக்கொண்டே இருக்கும். ஸ்விட்ச் "போயிட்டார்" என்கிறது. கார்டைக் கேட்டால் "இங்கேதானே இருக்கேன்" என்கிறது. யாரை நம்புவது? கோடில் இதற்கென்றே ஒரு விளக்கம் எழுதி வைத்திருக்கிறார்கள்: கார்டு மெதுவாக எடுக்கப்பட்டால் இப்படி ஆகும், ஆகவே 200 மில்லி செகண்ட் கழித்து இன்னொரு முறை போய்ப் பார். படித்ததும் சிரித்துவிட்டேன். உலகத்தில் எங்கேயோ ஒரு மூலையில் ஒருத்தர் கார்டை ஆற அமர உருவி, அது தப்பாய்ப் போய், அதைக் கண்டுபிடிக்க இன்னொருத்தர் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார். அந்த ஃபைல்களின் தலையில் ரஸ்ஸல் கிங், பியர் ஒஸ்மான் என்றெல்லாம் பெயர்கள் இருக்கின்றன. பரவலாகப் புழங்குகிற ஒரு வகை எஸ்டி கன்ட்ரோலருக்கு லினக்ஸ் டிரைவர் எழுதியவர் இந்த ஒஸ்மான்.

சரி, கார்டை உருவுகிற அதே நொடியில் எழுதிக்கொண்டு இருந்தால்? பாதி வாக்கியத்தில் பேனாவுக்குக் கீழிருந்து நோட்டை இழுத்த கதை. கன்ட்ரோலர் சிப் "எழுதி முடித்தேன்" என்ற பதிலுக்காகக் காத்துக்கொண்டே நிற்கும், பதில் வராது. அதற்காக அந்த எஸ்டி டிரைவரில் பத்து செகண்ட் கெடிகாரம் ஒன்று வைத்திருக்கிறார்கள். ஆனால் கார்டு போனது நிச்சயம் என்று தெரிந்தால் பத்து செகண்ட் வரை காக்க வைப்பானேன்? "கார்டு ரிமூவ்டு டியூரிங் டிரான்ஸ்ஃபர்" என்று லாக்கில் ஒரு வரி எழுதி, கன்ட்ரோலரை உலுக்கி எழுப்பி, பாதியில் நின்ற வேலைக்கு "மீடியமே இல்லை" என்று எரர் போட்டுத் திருப்பி அனுப்பிவிடும். அதற்கப்புறம் வருகிற வேலைகள் ஹார்டுவேர் வரை போகவே போகாது. முத்திரை குத்தியாச்சு இல்லையா, வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். (கார்டின் உள்ளேயும் ஒரு குட்டி கன்ட்ரோலர் இருக்கிறது. அது ஒரு பெரிய தொகுதியை இடம் மாற்றிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், நாம் எழுதவே சொல்லாத பழைய ஃபைல்கூட கெட்டுப்போகலாம். அது டிரைவர் கையிலேயே இல்லாத விஷயம்.)

அடுத்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி, ஏனென்றால் அது சுத்தமான கணக்குப்பதிவியல். கார்டு போய்விட்டது. ஆனால் ஏதோ ஒரு புரோகிராம் அந்தக் கார்டில் இருக்கும் ஃபைலைத் திறந்தபடியே வைத்திருக்கிறது. கார்டைப் பற்றி கெர்னல் மெமரியில் வைத்திருக்கும் விவரங்களை உடனே அழித்துவிடலாமா? கூடாது. பார்ட்டி ஊரைவிட்டுப் போய்விட்டார் என்பதற்காக அவர் பெயரில் இருக்கும் பேரேட்டுப் பக்கத்தைக் கிழிக்க முடியுமா? வேறு நாலு பக்கங்களில் "அந்தப் பக்கம் பார்க்க" என்று எழுதியிருக்குமே! அதனால் கெர்னல் ஒரு எண்ணிக்கை வைத்திருக்கிறது. இதை எத்தனை பேர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று. ஒவ்வொருத்தராக விடவிட எண்ணிக்கை குறையும். பூஜ்யத்துக்கு வந்தால்தான் பக்கம் கிழிக்கப்படும்.

இதில் முன்பின் ஆகிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நிஜமான உதாரணங்கள் உண்டு. மெமரி ஸ்டிக் என்று சோனி கொண்டுவந்த இன்னொரு ஜாதி கார்டு இருந்தது. அதற்கான ரீடர் டிரைவர் ஒன்றில், ரீடரை நீக்கும்போது பக்கத்தை முதலில் கிழித்துவிட்டு, கிழித்த பக்கத்திலேயே பிறகு போய் ஏதோ தேடியிருக்கிறது. 2022-ல் அதைப் பாதுகாப்புக் குறைபாடாகப் பதிவு செய்தார்கள். நம்பர் சிவிஇ-2022-0487. அடுத்த வருஷமே ரிக்கோ சிப்புக்கான மெமரி ஸ்டிக் டிரைவரில் அதே ரகத்தில் இன்னொன்று, சிவிஇ-2023-3141. இங்கே கார்டு வந்ததா போனதா என்று பார்க்க வைத்திருந்த டைமரை நிறுத்தாமலே எல்லாவற்றையும் அழித்திருக்கிறார்கள். கடையைக் காலி செய்தபிறகு, பழைய அலாரம் அடித்து, இல்லாத ஆளை எழுப்பப் போன மாதிரி. முதலில் அந்த டைமரை நிறுத்து என்று ஒரு வரி சேர்த்ததுதான் வைத்தியம். ஒரே வரி! யாரும் கவனிக்காமல் பல வருஷங்கள் கிடந்திருக்கிறது.

இவ்வளவும் படித்தபிறகும் என் கேள்வி அப்படியே இருந்தது. சரி, கார்டு போய்விட்டது. ஆனால் என் 122 படங்களும் ராமில் பத்திரமாக இருக்கின்றனவே! கார்டு திரும்ப வரும்வரை காத்திருந்து, வந்ததும் எழுதினால் என்ன? ஏன் உடனே கையைக் கழுவ வேண்டும்?

இதற்குப் பதில் வேறொரு இடத்தில் கிடைத்தது. லேப்டாப்பை மூடித் தூங்க வைக்கிறோம் இல்லையா, அந்த நேரத்தில் ஸ்லாட்டில் இருந்த கார்டு என்ன ஆயிற்று என்று கெர்னலுக்குத் தெரியாது. ஒரு காலத்தில் லினக்ஸ் எடுத்த முடிவு ரொம்பக் கறாரானது. தூங்கப் போகும்போதே கார்டு எடுக்கப்பட்டதாகக் கணக்கு எழுதிவிடும், எழுந்ததும் புதுக் கார்டாகப் பாவிக்கும். இல்லை, கார்டு அங்கேயேதான் இருந்திருக்கும் என்று நம்ப விரும்புகிறவர்களுக்குத் தனியாக ஒரு செட்டிங் இருந்தது. அதன் பெயரிலேயே பாதுகாப்பற்றது என்ற வார்த்தை உண்டு! உன் நம்பிக்கை தப்பானால் டேட்டா கெட்டுப்போகும் என்று எச்சரிக்கையும் எழுதியிருந்தார்கள். அந்தச் செட்டிங்கைப் பின்னால் எடுத்துவிட்டார்கள். இப்போது எழுந்ததும் கார்டின் அடையாளத்தை வாங்கி ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஒவ்வொரு எஸ்டி கார்டிலும் 128 பிட்டில் ஒரு அடையாளம் உண்டு: தயாரித்தது யார், சரக்கின் பெயர், சீரியல் நம்பர், தயாரித்த மாதம், வருஷம். மாறியிருந்தால் இது வேறு கார்டு என்று பழையதை விட்டுவிடும்.

ஆனால் அதே கார்டாக இருந்து, நடுவில் வேறொரு கம்ப்யூட்டரில் போட்டு நாலு ஃபைலை அழித்து, ரெண்டைச் சேர்த்திருந்தால்? அடையாளம் அதேதான். உள்ளடக்கம் வேறு. எந்த இடம் காலி, எந்த இடத்தில் எந்த ஃபைல் என்ற வரைபடம் மாறிப்போயிருக்கும். கெர்னலோ தன்னிடம் இருக்கும் பழைய வரைபடத்தை நம்பி எழுத ஆரம்பித்தால், என் 122 படத்தோடு போகாது. நன்றாக இருந்த 290 படத்தின் மேலேயே எழுதித் தொலைக்கும். பேரேட்டை எடுத்துப் போனவன் ஒரு வாரம் கழித்துக் கொண்டுவந்து வைக்கிறான். அதில் என்னென்ன திருத்தியிருக்கிறான் என்று தெரியாமல், போன வாரச் சிட்டையை அதில் ஏற்றுகிற கணக்கப்பிள்ளையை எந்த முதலாளி வேலைக்கு வைப்பார்?

ஆக, கெர்னல் செய்தது வாராக்கடன் எழுதியது. வராது என்று தெரிந்த கடனை, வரும் வரும் என்று இருப்புநிலைக் குறிப்பில் சொத்தாகக் காட்டிக்கொண்டே இருப்பதுதான் தப்பு என்று எங்களுக்கு முதல் வருஷத்திலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். நான் இத்தனை நாள் டிரைவரின் வேலை என் படத்தைக் காப்பாற்றுவது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கார்டு வெளியே வந்தபிறகு அது காப்பாற்றப் பார்ப்பது மற்றதையெல்லாம்: லேப்டாப் தொங்கிப் போகாமல், மெமரி குழம்பாமல், அடுத்த கார்டு போட்டால் வேலை செய்கிற மாதிரி. என் படத்துக்கு அதனால் ஆகக்கூடியது, போனதைப் போனது என்று எழுதி வைப்பது. எழுதி வைத்தது. நான்தான் படிக்கவில்லை.

படிக்க வேண்டியவர் யார் என்பதும் ஒரு குழப்பம்தான். எரர் வரும்போது காப்பி செய்த புரோகிராம் "எழுதியாச்சு" என்ற பதிலை வாங்கிக்கொண்டு, ஒரிஜினலையும் அழித்துவிட்டு, வீட்டுக்குப் போயிருக்கும். ஃபைலை மூடுவதற்கு முன்னால் "நிஜமாகவே டிஸ்கில் ஏறிவிட்டதா?" என்று கேட்கிற புரோகிராமுக்குத்தான் எரர் போய்ச்சேரும். கேட்டவர்களுக்குக்கூட அது சில சமயம் சொல்லப்படாமல் விட்டுப்போய்க் கொண்டிருந்து, 2017-ல் வந்த 4.13 கெர்னலில்தான் அதைச் சீராக்கினார்கள். கேட்காதவர்களுக்கு இன்றைக்கும் சொல்லாது.

இன்னொரு விஷயம். காலேஜ் லேபில் நான் பென் டிரைவை எத்தனையோ முறை சும்மா உருவியிருக்கிறேன், ஒன்றும் ஆனதில்லை. அந்தத் தெனாவெட்டுதான் அன்றைக்கு என் கைக்கு வந்தது. விண்டோஸ் 10-ல், 2018 அக்டோபரில் வந்த 1809 பதிப்பிலிருந்து, இப்படிச் செருகி எடுக்கிற டிரைவ்களுக்கு எழுதுவதைத் தேக்கி வைக்காத முறையையே வழக்கமாக்கிவிட்டார்கள். கோடு ஓடி முடிந்தால் அநேகமாக எழுதியும் முடிந்திருக்கும். லினக்ஸில் அப்படி இல்லை. வேறு ஊர், வேறு பழக்கம். அதற்கும் மேலே, 64 ஜிபி கார்டுகள் எக்ஸ்ஃபேட் முறையில் வருகின்றன. அதில் ஜர்னல் கிடையாது. ஆமாம், நம்ம குறிப்பேடுதான்! 2001-ல் ஈஎக்ஸ்டி3 என்கிற லினக்ஸ் ஃபைல் சிஸ்டம் வந்ததே, அதில் ஒரு மாற்றத்தைச் செய்வதற்கு முன்னால் ஜர்னலில் எழுதிக்கொள்ளும். நடுவில் கரண்ட் போனாலும் ஜர்னலைப் பார்த்து ஃபைல் சிஸ்டத்தைச் சரிசெய்துவிடும். வார்த்தையைப் பார்த்ததும் ஏதோ சொந்தக்காரரை பஸ் ஸ்டாண்டில் பார்த்த மாதிரி இருந்தது.

படங்கள் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கார்டில் ஏறவே இல்லை, ஆகவே அங்கே தேடிப் பிரயோஜனம் இல்லை. ஆனால் லேப்டாப் ஹார்ட் டிஸ்கிலிருந்து அழிந்தவை, அந்த இடத்தில் வேறு ஏதும் எழுதப்படாதவரை அங்கேயே கிடக்கும். தெரு அண்ணன் லேப்டாப்பை உடனே அணைக்கச் சொல்லி, டிஸ்கைக் கழற்றித் தன் கம்ப்யூட்டரில் மாட்டி, போட்டோரெக் என்கிற இலவச மென்பொருளை ஓட விட்டார். மீட்பதை வேறு டிஸ்கில்தான் போட வேண்டும், அதே டிஸ்கில் போட்டால் மிச்சம் இருப்பதும் போய்விடும். ராத்திரி முழுக்க ஓடியது. பெயரெல்லாம் போய், வெறும் நம்பரோடு ஆயிரக்கணக்கில் படங்கள் வந்து விழுந்தன. அக்கா ப்ளஸ் டூ படிக்கும்போது பார்த்த வெப்சைட் படங்கள் உட்பட. அதில் கல்யாணப் படங்களைப் பொறுக்கி, கேமரா பதிந்த நேரத்தை வைத்து வரிசைப்படுத்த ரெண்டு நாள் ஆனது.

99 கிடைத்தன. 23 கிடைக்கவில்லை. ஆயா திருநீறு பூசிய படம் அந்த 23-ல்.

அண்ணன் என்னைத் திட்டவில்லை. அந்த ஆச்சி வீட்டுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போய், நடந்ததை நடந்தபடி சொன்னார். பெண்ணோட அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ஆயா அவ்வளவு தூரம் எந்திரிச்சு வந்ததே பெரிசு தம்பி. அந்தப் படத்தத்தான் மொதல்ல பாக்கணும்னு இருந்தேன்" என்றார்கள். திட்டியிருக்கலாம்.

ஆல்பம் அந்தப் படம் இல்லாமல்தான் போனது. பங்குனியில் பெண் சிங்கப்பூரிலிருந்து ஒரு வாரம் வந்திருந்தாள். அண்ணன் யாரும் கேட்காமலே கேமராவைத் தூக்கிக்கொண்டு கோட்டையூர் கிளம்பினார், நானும் லைட் ஸ்டாண்டோடு போனேன். அதே வளவு. பட்டுப் புடவை இல்லை, மாலை இல்லை, கூட்டம் இல்லை. ஆயா இந்த முறை எழுந்து வரவில்லை, நாற்காலியில் உட்கார்ந்தபடியே பூசினார்கள். "எதுக்குப்பா, அன்னிக்கே பூசியாச்சே?" என்று கேட்டார்கள். அண்ணன், "இன்னொரு தடவ பூசுங்க ஆயா" என்றார்.

ஸ்டுடியோவுக்கு வந்து அந்தப் படத்தை அவர்களுக்குக் கொடுக்க ஒரு கார்டில் காப்பி செய்தேன். கட் இல்லை, காப்பி. டெர்மினலைத் திறந்து சிங்க் என்று அடித்தேன். ஒரே ஒரு படம், கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிட்டது. அன்மவுண்ட் பண்ணினேன். கார்டை எடுத்து, திரும்பச் செருகி, படத்தைத் திறந்து பார்த்தேன். மறுபடியும் அன்மவுண்ட் பண்ணினேன்.

"என்னடா பண்ணிக்கிட்டு இருக்க, பஸ் போயிரும்" என்றார் அண்ணன்.

பி.கு.: கெர்னலில் சந்தேகம் என்றால் என்னிடம் கேட்காதீர்கள், தெரு அண்ணனிடம்தான் அனுப்புவேன். டேலியில் சந்தேகம் இருந்தால் தாராளமாகக் கேட்கலாம் :-)